பச்சைக் கட்டம் விழுந்த பதினைந்து நாள்

தொட்டியங்கரை பேருந்து நிலையத்து டிரான்ஸ்பார்மருக்குக் கண் இருக்கிறது என்று தெரியவந்த ஆவணி மாதத்தில், அந்த ஊர்க் கடைவீதியில் 'செண்பகம் போட்டோஸ்' வைத்திருந்த ஐம்பத்திமூன்று வயது தவசிலிங்கம், இரண்டு வருடம் நான்கு மாதமாக ஒரே ஒரு விஷயத்தை யோசித்துக்கொண்டிருந்தார். இருக்கிற கேமராவைக் கொடுத்துவிட்டுப் புதிய கேமரா வாங்கலாமா, வேண்டாமா.

யோசிப்பது என்றால் சும்மா யோசிப்பதில்லை. பல் விளக்கும்போது வாங்கலாம் என்று யோசிப்பார், வாய் கொப்பளிக்கும்போது வேண்டாம் என்று யோசிப்பார், சாப்பிட உட்கார்ந்தால் இட்லிக்கு ஒரு முடிவும் சட்னிக்கு ஒரு முடிவுமாக எழுந்து கை கழுவுவார், கடைக்குப் போனதும் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு எங்கோ பனிக்குள் நின்று தங்கள் நாயைப் படம் எடுக்கிற வெள்ளைக்காரர்களின் வீடியோக்களைப் பார்ப்பார். அவர்கள் இருபத்திரண்டு நிமிடம் பேசிக் கடைசியில் தேவை என்றால் வாங்குங்கள், தேவையில்லை என்றால் வாங்காதீர்கள் என்று முடிப்பார்கள். அந்த ஞானத்தைத் தலையாட்டிக் கேட்டுவிட்டு அடுத்த வீடியோவைத் தட்டுவார். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் இடது பக்கம் வாங்குவதற்கான காரணங்களையும் வலது பக்கம் வாங்காமலிருப்பதற்கான காரணங்களையும் எழுதிவந்தார். நோட்டு தீர்ந்தது. நூறு பக்க நோட்டாக வாங்கிக்கொண்டார். மேம்படுத்திக்கொண்டது அது ஒன்றைத்தான்.

பழைய கேமரா அப்படியொன்றும் மோசமில்லை. ஒன்பது வருடத்துக்கு முன் அவர் அதை வாங்கி வந்தபோது, உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவை ஊரே அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தது. கண்ணாடி இல்லாமல் எப்படிண்ணே மூஞ்சி தெரியும் என்று கேட்டவர்களின் மூஞ்சியையெல்லாம் அதிலேயே எடுத்துக் காட்டி வாயை அடைத்தார். இப்போது அதன் பிடி ரப்பர் உரிந்து, சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டியிருந்தார். மண்டபத்து மங்கிய வெளிச்சத்தில் அதற்கு முகம் பிடிபடாது. அவர்தான் பார்த்து, எந்தக் கண் எப்போது கலங்கும் என்று காத்திருந்து, கையால் லென்ஸ் வளையத்தைத் திருப்பிப் பிடிக்கவேண்டும். ஒன்பது வருடம் அப்படித்தான் பிடித்தார்.

அவர் மனைவி செண்பகவல்லி ஸ்டுடியோவின் பின்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஆல்பம் வடிவமைப்பவள். ஊரில் உள்ள அத்தனை மூக்கையும் நேராக்கியவள் என்பதால் யாரைப் பற்றியும் அவளுக்குப் பெரிய பிரமிப்பு கிடையாது.

"அதுல எடுத்தா என்னங்க வித்தியாசமா விழும்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"கண்ணைத் தானாக் கண்டுபிடிக்கும்."

"கண்ணு எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். கேமராவுக்குத் தெரியணும்ல."

"மூக்குக்கு மேலதான இருக்கு. சொல்லிக் குடுங்க அதுக்கு."

திண்டுக்கல் கேமராக் கடை நிஜாமுதீனுக்குத்தான் முதலில் பொறுமை போனது. "தவசிண்ணே, ரெண்டு வருசமா நீங்க வந்து தடவித் தடவியே ஷோரூம் பீஸுல எழுத்து அழிஞ்சுபோச்சு. எடுத்துட்டுப் போங்க. பதினஞ்சு நாள் வச்சு எடுத்துப் பாருங்க. பிடிச்சா பழையதைக் குடுத்துட்டு மிச்சத்தைக் கட்டுங்க. பிடிக்கலயா, இதைத் திருப்பிக் குடுத்துருங்க."

"பழையதைக் குடுத்தே ஆகணுமா?"

"குடுத்தாத்தானண்ணே எக்ஸ்சேஞ்சு. வச்சுக்கிட்டு என்ன, கோயில் கட்டப்போறீங்களா?"

"அதை என்ன செய்வீங்க?"

"பிரிச்சு உதிரிக்குப் போடுவோம்."

உதிரி என்ற சொல் அவர் காதிலேயே தங்கிவிட்டது. ஆனாலும் புதியது கைக்கு வந்த சந்தோஷத்தில், திரும்பி வந்த பேருந்தில் அதைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே வந்தார். துடைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் மரக்கடை சின்னமாரியப்பன் மகள் கல்யாணம். புதிய கேமராவின் திரையில் ஒரு முகம் தெரிந்தால் அதன் கண்ணைச் சுற்றிச் சின்னதாகப் பச்சைக் கட்டம் விழும், கட்டம் விழுந்த இடம் துல்லியமாகப் பதியும், மற்றது மங்கும் என்று வெள்ளைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். கட்டம் விழத்தான் செய்தது. மணமேடையில் மாப்பிள்ளையின் முகத்துக்கு நேராகக் கேமராவைப் பிடித்தபோது, அது நிற்காத பேருந்து மாதிரி மாப்பிள்ளையைத் தாண்டிப் போய், மாமனாரைத் தாண்டிப் போய், பந்தி நடக்கிற பக்கவாசலில் இறக்கி வைத்திருந்த ரச அண்டாவின் வயிற்றில் போய் நின்றது. கேமராவைத் திருப்பினார், திரும்பி அங்கேயே போனது. அணைத்துப் போட்டார், அண்டாவுக்கே போனது. மங்கலநாண் ஏறிய நேரத்தில் அது தவில்காரரின் இடது கண்ணுக்கும், வாசலில் கட்டிய வாழைமரத்துக்கும், பெண்ணின் சின்னத் தங்கைக்குமாக ஓடிக்கொண்டிருந்ததே தவிர மாப்பிள்ளைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அண்டாவுக்குக் கண் இருந்தது. கைப்பிடிக்குக் கீழே, நசுங்கிய இடத்துக்குச் சற்று மேலே, நடுவயதுக் கண் ஒன்று, கொஞ்சம் தூக்கம் கெட்டதாக, ஆனால் நிதானமாகப் பந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மாப்பிள்ளை ஏன்யா மங்கலா இருக்காரு?" என்று படம் பார்க்க வந்த சின்னமாரியப்பன் கேட்டார்.

"கட்டம் விழலண்ணே."

"அண்டாவுக்கு விழுந்திருக்கு."

"விழுந்திருக்குண்ணே."

அவர் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் பாக்குது. யாரு அண்டா இது?"

"சமையல்காரர் பொன்னுமணியோடது."

"சின்னவ கல்யாணத்துக்கும் அதையே சொல்லிருவோம்" என்றார் அவர். தொட்டியங்கரை அந்த அதிசயத்தைப் பற்றி முதன்முதலில் எடுத்த முடிவு அதுதான்.

அதன்பிறகு பொன்னுமணியின் அண்டா தை மாதம் வரைக்கும் பதிவாகிப்போனது. சிலைக்குக் கண் திறக்கிற ஸ்தபதி ஒருவரை வரவழைத்து, ஊசியும் தேனும் நெய்யும் வைத்து முறைப்படி அதற்குக் கண் திறந்தார்கள், திறந்தவுடன் எதிரே பசுவும் கன்றும் காட்டினார்கள், அண்டா பார்த்தது. பொன்னுமணி அதற்கப்புறம் அதன் விளிம்பில் கரண்டியால் தட்டுவதை விட்டுவிட்டார். அடுப்பில் ஏற்றும்முன் ஏத்தட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டார்.

தவசிலிங்கம் கேமராவை எங்கெங்கே திருப்பினாரோ அங்கெல்லாம் கண் இருந்தது. பேருந்து நிலைய டிரான்ஸ்பார்மருக்கு இருந்தது, அதனால் அதன் அடியில் ஒதுங்கிவந்த ஆண்கள் எதிர்ச்சுவருக்கு மாறினார்கள், இரண்டு நாளில் எதிர்ச்சுவருக்கும் இருப்பது தெரிந்து எங்கே போவதென்று தெரியாமல் வரலாற்றிலேயே முதல்முறையாகக் கட்டணக் கழிப்பறைக்குப் போனார்கள். மேல்நிலைத் தண்ணீர்த்தொட்டிக்கு இருந்தது; முப்பது வருடமாக மொட்டைமாடியில் குளித்துத் தலை உலர்த்திய பெண்கள், அதான் எங்களுக்குத் தெரியுமே என்றார்கள். சந்தையில் ஒரு பலாப்பழத்துக்கு இருந்தது, அதை வெட்ட யாருக்கும் கை வரவில்லை, அது ஒன்பது நாள் எல்லோரையும் பார்த்தபடியே இருந்து அழுகிப்போய், மாலை ஒன்று போட்டு எடுத்துச் சென்றார்கள். மனிதர்களுக்கும் இருந்தது, ஆனால் எல்லோருக்கும் இல்லை. சாக்கடை அள்ளுகிற முத்துப்பேச்சிக்கு நாற்பதடி தூரத்திலிருந்தே விழுந்தது. வங்கி மேலாளருக்கு மூக்கோடு மூக்கு வைத்தாலும் விழவில்லை. ஒரு வீட்டில் மாமியாருக்கு விழாமல் கிரைண்டருக்கு விழுந்தது, மருமகள் அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள்.

ஏன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நமக்கு விழுமா என்றுதான் கேட்டார்கள். ஸ்டுடியோ வாசலில் வரிசை நின்றது. விழாதவர்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள், அப்புறம் மை தீட்டிக்கொண்டு வந்தார்கள், அப்புறம் மெட்ராஸ் போய்க் கண் டாக்டரிடம் காட்டி வந்தார்கள். ஆள் இல்லாமல் ஈயோட்டிக்கொண்டிருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் 'பத்து நாளில் கட்டம் நிச்சயம்' என்று போர்டு வைத்து, கண்ணை அகலத் திறந்து இமைக்காமலிருக்கப் பயிற்சி கொடுத்தார்கள். பெண் பார்க்க வந்த வீட்டில் ஜாதகக் கட்டத்தை வாங்கி மடித்து வைத்துவிட்டு, பச்சைக் கட்டம் எப்படி என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள்.

டீக்கடையில் கூடுகிற மற்ற போட்டோகிராபர்கள் மட்டும் இதை ஒரு தொழில்நுட்பக் கோளாறாகவே எடுத்துக்கொண்டார்கள். "ஃபர்ம்வேர் அப்டேட் போட்டியா?" என்றார் ஒருவர். "லென்ஸை மாத்திப் பாரு" என்றார் இன்னொருவர். "மெனுவுல எதைத் தேடணும்ங்கிற இடத்துல பறவைன்னு வச்சிருப்ப, மனுசன்னு மாத்து" என்றார் மூன்றாமவர். மூவருமே அவரவர் டீ டம்ளரைக் கையால் மறைத்துக்கொண்டுதான் பேசினார்கள், அது பார்க்கிறதோ என்று ஒரு சந்தேகம் இருந்தது.

பேரூராட்சித் தலைவர் கோதண்டபாணி புதிய நிழற்குடையைத் திறந்துவைத்தது பத்தாம் நாள். கட்டம் முதலில் அவர் கழுத்து மாலைக்குப் போனது, பிறகு கையிலிருந்த கத்தரிக்கோலுக்கு, பிறகு கூட்டத்துக்குப் பின்னால் சுவரொட்டி தின்றுகொண்டிருந்த ஒரு வெள்ளாட்டுக்கு, கடைசியில் அவர் எழுந்து வந்த காலி நாற்காலியில் போய் ஆற அமர உட்கார்ந்தது. சாயங்காலமே தலைவர் ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டார்.

"மெனுவுல ஏதாச்சும் இருக்கும்ல தவசி."

"தேடிப் பாத்துட்டேன் தலைவரே."

"சரி. கம்ப்யூட்டர்ல போட்டுரு. பச்சைக் கட்டம்தான, வரைஞ்சுவிட்டா ஆச்சு."

பின்னறையிலிருந்து செண்பகவல்லி சொன்னாள். "போட்டுரலாங்க. எந்த இடத்துல போடணும்னு மட்டும் தொட்டுக் காட்டுங்க."

கோதண்டபாணி விரலைத் தூக்கினார். விரல் நெற்றிக்குப் போனது, கன்னத்துக்கு வந்தது, காதோரம் கொஞ்சம் தயங்கியது, பிறகு வேட்டியைச் சரிசெய்யக் கீழே இறங்கிவிட்டது. மறுநாள் அவசரக் கூட்டம் கூட்டி, கட்டம் விழாதவர்களுக்கும் கட்டம் விழுந்ததாகவே கருதப்படும் என்று தீர்மானம் போட்டார்கள். ஏகமனதாக நிறைவேறியது. பதினைந்து உறுப்பினர்களில் பதினொரு பேருக்குக் கட்டம் கிடையாது. விழுந்த நான்கு பேரும் பெரும்பான்மையைப் பார்த்துக்கொண்டு கையைத் தூக்கினார்கள். நகல் கேட்டு வந்தவர்களுக்குப் பச்சை மையில் முத்திரை குத்திச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

ஊர் இப்படிச் செட்டிலாகிக்கொண்டிருந்தபோது தவசிலிங்கத்துக்கு மட்டும் எதுவும் செட்டிலாகவில்லை. நூறு பக்க நோட்டின் இடது பக்கம் நிரம்பி வழிந்தது. புரட்டாசியும் மார்கழியும் நீங்கலாக வைகாசி வரை அவருக்குக் கல்யாணம் குவிந்துகிடந்தது, எல்லாமே அந்தக் கேமராவில்தான் எடுக்கவேண்டும் என்ற பேச்சோடு. வலது பக்கம் உதிரி என்ற ஒரே சொல் இருந்தது. அதற்குக் கீழே அவர் எழுதாமல் விட்ட இன்னொன்றும் இருந்தது. ஊரில் பலாப்பழம் வரைக்கும் பார்த்தாகிவிட்டது, அவர் இன்னும் அந்தக் கேமராவுக்கு முன்னால் நிற்கவில்லை. படம் எடுக்கிறவன் எதற்கு நிற்கவேண்டும் என்று மற்றவர்களிடம் சொன்னார். தனக்குத்தானே சொன்னபோது அது அவ்வளவு எடுபடவில்லை. இரண்டு வருடம் நான்கு மாதமாக நான் எதைத்தான் பார்த்தேன் என்று ஒரு கேள்வி வந்தது, அதை முழுதாகக் கேட்கவிடாமல் ஒரு வீடியோவைப் போட்டார்.

பதினான்காம் நாள் மத்தியானம், சாப்பாட்டுக்குக் கடையைச் சாத்தியிருந்த நேரத்தில், புதிய கேமராவைச் செண்பகவல்லி கையில் கொடுத்தார்.

"என்னை ஒரு தடவை பாரு."

"எதுக்குங்க?"

"நாளைக்குச் சொல்லணும்ல. நான் முடிவு பண்றதுக்கு முந்தி பாத்துரணும்."

பழக்கதோஷத்தில் பழைய கேமராவைக் கழுத்தில் மாட்டியபடியே பின்திரைக்கு முன்னால் போய் நின்றார். அங்கே பாஸ்போர்ட் படத்துக்கு நிற்கிற எவரையும்போலவே அவருக்கும் கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. செண்பகவல்லி திரையைப் பார்த்தாள். கட்டம் குடை விளக்கில் போய் நின்றது. அங்கிருந்து சுவர்ப் பல்லிக்குப் போனது. பல்லியை விட்டு அவர் முகத்துக்கு வந்து, நெற்றியில் ஏறி, மூக்கில் இறங்கி, சாவி தொலைத்தவன் பையைத் துழாவுவதுபோல் அவர் முகத்தைத் துழாவியது.

"கொஞ்சம் இடது பக்கம் திரும்புங்க."

திரும்பினார்.

"சிரிக்காதீங்க."

"நான் சிரிக்கல."

"சரி, அப்ப சிரிங்க."

சிரித்தார். கட்டம் அவர் முகத்தை விட்டுக் கீழே இறங்கியது, சட்டையின் இரண்டாவது பொத்தானைத் தாண்டியது, நின்றது. செண்பகவல்லி கேமராவின் பொத்தானை அழுத்தினாள்.

"விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"எந்தக் கண்ணுல?"

"கழுத்துல தொங்குதே, அதுல."

கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கினார்கள். தவசிலிங்கத்தின் முகம் மங்கிக்கிடந்தது. சைக்கிள் டியூப் ஒட்டிய பழைய கேமராவின் லென்ஸுக்குள், கண்ணாடிக்குப் பின்னால், ஒரு கண் விழித்திருந்தது. வெள்ளைவிழியின் ஓரத்தில் கடுகளவு பழுப்புப் புள்ளி. முப்பது வருடமாகச் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்த்த புள்ளி. அவர் எழுந்து போய் கைகழுவும் இடத்துக் கண்ணாடியில் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"உங்க கண்ணுதான்" என்றாள் செண்பகவல்லி. ஊரின் அத்தனை முகத்தையும் பெரிதாக்கிப் பார்த்தவள் சொன்னால் அதற்கு மேல்முறையீடு இல்லை. "அதுலயே வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டீங்க போல."

"எப்ப?"

"அந்தப் பனியில நாயைப் படம் எடுக்கிறவனைப் பாக்க ஆரம்பிச்சீங்கல்ல, அப்ப."

அவர் பழைய கேமராவைக் கழற்றி மேசையில் வைத்தார். கண்ணில் அடிபட்டுவிடும் என்று பயந்தவர்போல இரண்டு கையாலும் மெதுவாக வைத்தார்.

"இதைத்தான் நாளைக்குப் பிரிக்கப் போறாங்களா?" என்றாள் அவள்.

அவர் சைக்கிள் டியூப்பைக் கட்டைவிரலால் தடவினார். அவள் புதிய கேமராவை அவரிடம் நீட்டினாள். "சரி. என்னையும் ஒரு தடவை பாருங்க. பதினாலு நாள்ல எச்சித்தொட்டி வரைக்கும் பாத்துட்டீங்க."

அதுவரை அவளைப் பார்க்கவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. கேமராவைத் தூக்கினார். முழுதாகத் தூக்கி முடிப்பதற்குள், விரல் பொத்தானுக்குப் போவதற்குள், கதவு திறக்கட்டும் என்று வெகுநேரமாக வெளியே நின்றுகொண்டிருந்ததுபோல் கட்டம் அவளுடைய இரண்டு கண்ணிலும் விழுந்தது. கேமராவை இப்படியும் அப்படியும் திருப்பியபோதும் அது விலகவில்லை. அவள் கண்ணுக்குக் கீழே, யார் முகத்திலும் மிச்சம் வைக்காமல் அவள் அழித்துவந்த கருவளையம் இருந்தது, வலது புருவத்தில் ஒரு நரை இருந்தது, அந்த நரை எந்த வருடம் வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

"விழுதா?"

"விழுது."

"எனக்கு அது தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் சோறு போடப் போனாள்.

பதினைந்தாம் நாள் காலைப் பேருந்தில் திண்டுக்கல் போனார். புதிய கேமராவைப் பெட்டியில் வைத்து, பெட்டியைப் பையில் வைத்து, பழையதைக் கழுத்தில் மாட்டி, வழியெல்லாம் அதன் லென்ஸை ஜன்னல் பக்கமாகவே திருப்பி வைத்திருந்தார், பார்க்கட்டும் என்று. இரண்டு வருடம் நான்கு மாதத்தில் முதல்முறையாக அவர் மனதில் இடது பக்கமும் இல்லை, வலது பக்கமும் இல்லை. இந்த நிம்மதிக்குத்தான் இத்தனை நோட்டா என்று அவருக்கே சிரிப்பு வந்தது.

"என்னண்ணே, கம்ப்ளைண்டா?" என்றார் நிஜாமுதீன்.

"இல்ல பாய். நல்லா வேலை செய்யுது. அதான் வேண்டாம்."

நிஜாமுதீன் பெட்டியைத் திறந்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். மேசையில் இருந்த மற்ற கேமராக்கள் எல்லாம் மூடி போட்டிருந்தன. "பரவால்லண்ணே. உங்க ஊர்லேருந்து ரெண்டு மூணு பேர் கட்டம் விழலன்னு வந்து சொன்னாங்க. கம்பெனிக்கு எழுதிப் போட்டோம், சரி பண்ணிட்டாங்க. அடுத்த மாசம் புது மாடல் வருது."

"அதுல என்ன?"

"அதுல எல்லாருக்கும் கட்டம் விழும். கண்ணு இருந்தாலும் விழும், இல்லாட்டியும் விழும். உங்க தலைவர் இப்பவே ஒண்ணுக்குச் சொல்லிட்டாரு."

"நல்லது" என்று சொல்லிவிட்டுத் தவசிலிங்கம் படியிறங்கினார். வெளியே நல்ல வெயில். கழுத்தில் பழையது லேசாக ஆடியது. பேருந்து நிலையத்துப் பக்கம் பத்து அடி நடந்திருப்பார், எல்லாருக்கும் விழும் என்றால் எனக்கும்தானே என்று ஒரு எண்ணம், பல் விளக்கும்போது வருகிற அதே குரலில், வந்தது. இன்னும் பத்து அடி நடந்தார். நின்றார். சும்மா தெரிந்துகொள்வதில் என்ன இருக்கிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டு திரும்பிப் படியேறினார்.

நிஜாமுதீன் நிமிர்ந்து பார்த்தார்.

தவசிலிங்கம் சட்டைப் பையைத் துழாவி, ஒன்பது வருடத்து மூடியைத் தேடி எடுத்து, சட்டையில் ஒருமுறை துடைத்து, கழுத்தில் தொங்கியதன் கண்ணில் அழுத்தி மாட்டினார். சரியாக மாட்டியிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பிறகுதான் விலை கேட்டார்.